பெயர்ப்பலகையின் மூன்றாவது வரி

முந்தைய இதழ் ஒன்றில் வட ஐரோப்பாவின் சிறுபான்மை மொழிகளைப் பற்றி எழுதியபோது, நார்வேயின் குவென் மொழி 2005-இல் தனி மொழியாக அங்கீகரிக்கப்பட்டதை ஒற்றை வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பற்றியே பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இம்முறை வேறு எந்தக் கேள்வியையும் எடுத்துக்கொள்ளாமல், குவென் மொழி குறித்து வந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒன்றையே கேட்ட கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் அண்ணன் நார்வேயின் வடகோடியில் உள்ள மீன் பதனிடும் ஆலை ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். அவரைப் பார்க்கச் சென்றபோது, வழியில் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் ஒரே ஊருக்கு மூன்று பெயர்கள் எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். முதல் இரண்டு நார்வேஜிய மொழியும், அங்குள்ள தொல்குடிகளான சாமி மக்களின் மொழியும் என்று அண்ணன் சொன்னார். மூன்றாவதைப் பற்றி அவருக்கும் தெரியவில்லை. அது குவென் மொழிதானா?

ஆம், குவென் மொழிதான். நீங்கள் சென்ற பகுதி, நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கில் உள்ள பொர்சாங்கர் நகராட்சியாக இருக்க வேண்டும். அந்த நகராட்சிக்கே சட்டப்படி மூன்று பெயர்கள் உண்டு: நார்வேஜிய மொழியில் பொர்சாங்கர், வட சாமி மொழியில் பொர்சாங்கு, குவென் மொழியில் பொர்சாங்கி. அங்குள்ள முக்கிய ஊரான லக்செல்வ் குவென் மொழியில் லெம்மியோகி ஆகிறது. 'யோகி' என்றால் ஆறு. நார்வேஜியத்தின் 'எல்வ்' என்பதற்கும் அதே பொருள்.

பெயர்ப்பலகை என்றதும் நினைவுக்கு வரும் இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். அதே நகராட்சியில் பேர்செல்வ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. குவென் மொழியில் அது பிஸ்ஸியோகி. இரு பெயர்களையும் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'துப்பாக்கி ஆறு' என்றே வருகிறது. கிழக்கே கடலோரத்தில் உள்ள வட்ஸோ நகரம் குவென் மொழியில் வெசிசாரி, அதாவது நீர்த்தீவு. நார்வேஜியப் பெயரின் மூலப்பொருளும் அதுவே. மக்கள் ஒருவர் மொழியை மற்றவர் அறிந்து, பொருள் உணர்ந்து பெயரை மாற்றி வழங்கியிருந்தால்தான் இப்படி நேரும். மூன்று மொழிகளும் அந்தக் கரையோரங்களில் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருந்ததில்லை என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி.

கேள்வி: குவென் மொழி என்பது ஃபின்லாந்தில் பேசப்படும் ஃபின்னிய மொழியின் ஒரு வட்டார வழக்கே என்று ஒரு நூலில் படித்தேன். வட்டார வழக்கைத் தனி மொழி என்று அறிவிப்பது அரசியல் அல்லவா?

அரசியல்தான், ஆனால் வழக்கு என்று சொல்வதும் அதே அளவு அரசியல்தான் என்பதை நூலாசிரியர் கவனிக்கவில்லை போலும்.

மொழியமைப்பைப் பார்த்தால், குவென் மொழி ஃபின்னியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஃபின்லாந்தின் வடகோடி வழக்குகளுக்கும், சுவீடன் எல்லையில் தோர்னே ஆற்றுப் பள்ளத்தாக்கில் பேசப்படும் மேயன்கியெலிக்கும் மிக நெருங்கியது. பொறுமையாகப் பேசினால் ஹெல்சிங்கியில் வளர்ந்த ஒருவர் குவென் பேச்சைப் பெருமளவு புரிந்துகொள்வார். ஆயினும் வேறுபாடுகள் உண்டு. 'வீட்டுக்குள்' என்பதற்கு எழுத்து ஃபின்னியத்தில் 'தாலோன்' என்பர். குவென் மொழியில் நடுவே ஒரு ஹகரம் புகுந்து 'தால்ஹோன்' ஆகும். நாம் 'அது' என்று உச்சரிக்கும்போது நடுவில் வரும் மெல்லிய தகர ஒலி, எழுத்து ஃபின்னியத்திலிருந்து நீங்கிவிட்டது. குவென் மொழி அதைக் காப்பாற்றி வைத்திருப்பதோடு, அதற்கெனக் குறுக்குக் கோடிட்ட தனி எழுத்தையும் வைத்திருக்கிறது. ஜெர்மானியரை ஃபின்னியர் 'சக்சலைனென்' என்பார்கள். குவென் மக்களோ நார்வேஜியரிடமிருந்து சொல்லைக் கடன் வாங்கி 'துஸ்கலைனென்' என்பார்கள்.

இவற்றைக் காட்டிலும் முக்கியமானது வரலாறு. 19-ஆம் நூற்றாண்டில் ஃபின்லாந்தில் எழுத்தாளர்களும் அறிஞர்களும் சேர்ந்து பொது எழுத்து மொழி ஒன்றை வளர்த்தெடுத்தார்கள். அரசு, அறிவியல், சட்டம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் புதுச்சொற்களை ஆக்கினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் வாழ்ந்த குவென் மக்களுக்கு அந்தப் பள்ளிகளும் செய்தித்தாள்களும் எட்டவில்லை. புதிய கருத்துகள் எல்லாம் நார்வேஜியச் சொற்களோடுதான் அவர்களிடம் வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் பள்ளியில் எழுத்து ஃபின்னியத்தைப் பார்த்த குவென் குழந்தைக்கு அது பாட்டியின் பேச்சாகத் தெரியவில்லை. பாட்டிக்கும் அந்தப் பாடநூல் தன் மொழியாகத் தோன்றவில்லை. வழக்கு என்ற பெயரில் அதை ஃபின்னியத்தோடு சேர்த்துவிட்டால், கற்பிக்கப்படுவது எப்போதும் ஹெல்சிங்கியின் எழுத்து மொழியாகவே இருக்கும், வீட்டு மொழி பிழையான ஃபின்னியமாகவே எண்ணப்படும். இந்த நடைமுறைக் காரணம் ஒன்றே தனி மொழி என்ற தீர்ப்புக்குப் போதுமானது என்பது என் கருத்து.

சுவீடன் இதே முடிவை முன்பே எடுத்துவிட்டது. மேயன்கியெலிக்கு 2000-ஆம் ஆண்டிலேயே தேசியச் சிறுபான்மை மொழி என்ற தகுதி கிடைத்தது.

கேள்வி: குவென் மக்கள் எங்கிருந்து, எப்போது நார்வேக்கு வந்தார்கள்?

'குவென்' என்ற பெயர் மிகப் பழையது. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வட நார்வேயைச் சேர்ந்த ஓத்தார் என்ற தலைவன் இங்கிலாந்து மன்னன் ஆல்ஃபிரெடிடம் தன் நாட்டைப் பற்றிச் சொன்ன செய்திகளில் இந்தப் பெயர் வருகிறது. மலைகளுக்கு அப்பால் வாழும் அவர்கள், எடை குறைந்த சிறு படகுகளைச் சுமந்துவந்து ஏரிகளில் இறக்கி, வடவர் மீது படையெடுப்பார்கள் என்பது அவன் தந்த விவரம். அந்த மக்களுக்கும் இன்றைய குவென் மக்களுக்கும் நேரடி வழித்தொடர்ச்சி உண்டா என்பது ஆய்வாளர்களிடையே தீராத வழக்கு. பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து ஆயிரம் ஆண்டுத் தொடர்ச்சியை நிறுவிவிட முடியாது.

ஐயத்துக்கு இடமில்லாத செய்தி, 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் குடியேற்றமாகும். தோர்னே பள்ளத்தாக்கிலிருந்தும் வட ஃபின்லாந்திலிருந்தும் உழவர் குடும்பங்கள் ஆறுகளின் வழியே இறங்கி அல்தா, பொர்சாங்கர், லிங்கன் போன்ற கடற்கழிகளின் கரையில் குடியேறின. 1700 முதல் 1721 வரை நடந்த வடக்குப் பெரும்போர் பலரை ஊரைவிட்டு விரட்டியது. பிற்காலத்தில் பயிர் பொய்த்த ஆண்டுகள், குறிப்பாக 1860-களின் பஞ்சம், இன்னும் பலரைத் துரத்தின. அல்தாவின் கோஃபியோர்டில் 1826-இல் தொடங்கிய செப்புச் சுரங்கமும், வட்ஸோவைச் சுற்றியிருந்த மீன்வளமும் அவர்களை இழுத்தன. 1875-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஃபின்மார்க் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் குவென் மக்கள். வட்ஸோ நகரிலோ அவர்களே பெரும்பான்மை. வட்ஸோவில் இந்தக் குடியேற்றத்துக்கென எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தை 1977-இல் திறந்து வைத்தபோது நார்வே, சுவீடன் மன்னர்களும் ஃபின்லாந்துக் குடியரசுத் தலைவரும் ஒன்றாக வந்திருந்தனர். அந்த விழா நடந்த நாளில் அந்த மக்களின் மொழிக்குச் சட்டத்தில் ஒரு பெயர்கூட இல்லை.

கேள்வி: ஒரு நகரில் பெரும்பான்மையாக இருந்தவர்களின் மொழி, நூறே ஆண்டுகளில் எப்படி அழிவின் விளிம்புக்கு வந்தது?

இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். 'காலப்போக்கில் மறைந்தது' என்ற சொற்றொடரை இத்தகைய இடங்களில் எளிதாக எழுதிவிடுகிறோம். குவென் மொழியைப் பொறுத்தவரை காலம் ஒன்றும் செய்யவில்லை. செய்தது அரசு, அதற்கு ஆணைகளும் ஆண்டுகளும் இருக்கின்றன.

1851-இல் நார்வே நாடாளுமன்றம் ஒரு தனி நிதியை ஏற்படுத்தியது. வடக்கே சாமி, குவென் குழந்தைகளுக்கு நார்வேஜிய மொழியைக் கற்பிப்பதில் முனைப்புக் காட்டும் ஆசிரியர்களுக்கு அந்த நிதியிலிருந்து கூடுதல் ஊதியம் கிடைத்தது. 1880-இல் வந்த பள்ளி விதிமுறை, எல்லாக் குழந்தைகளும் நார்வேஜிய மொழியில் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்றாக வேண்டும் என்றது. 1898-இல் அமைச்சர் வெக்செல்சென் பெயரால் அறியப்படும் சுற்றறிக்கை இன்னும் இறுகியது. வகுப்பறையில் சாமி மொழியோ குவென் மொழியோ தவிர்க்கவே முடியாத அளவுக்கு மேல் ஒலிக்கக் கூடாது என்பது அதன் சாரம். தொலைவில் வாழும் பிள்ளைகளுக்காக 1905 முதல் அரசு விடுதிப் பள்ளிகள் எழுந்தன. பிள்ளை பல வாரங்கள் வீட்டைப் பார்க்காமல், வீட்டு மொழியைக் கேட்காமல் வளர்ந்தது.

பள்ளி மட்டுமல்ல, நிலமும் கருவியாயிற்று. ஃபின்மார்க்கில் அரசு நிலத்தை விற்பது குறித்து 1902-இல் வந்த சட்டமும் அதன் விதிகளும், நார்வேஜிய மொழியைப் பேசி, படித்து, எழுதி, அன்றாடம் பயன்படுத்துவோருக்கே நிலம் என்று வரையறுத்தன. நிலத்துக்கு நார்வேஜியப் பெயரும் இருக்க வேண்டும். உழுது பிழைக்கும் குடும்பத்திடம் 'மொழியா, நிலமா?' என்று கேட்டால் அது எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை அதிகாரிகள் நன்கு அறிந்தே இருந்தார்கள்.

இத்தனை கடுமைக்குப் பின்னணியில் அச்சம் இருந்தது. 1809-இல் ஃபின்லாந்து சுவீடனிடமிருந்து ரஷ்யப் பேரரசின் கைக்கு மாறியது. அன்று முதல் வடக்கே ஃபின்னிய மொழி பேசுவோர் அனைவரும் எல்லைக்கு அப்பாலுள்ள வல்லரசின் நிழலாகப் பார்க்கப்பட்டனர். 1917-இல் ஃபின்லாந்து விடுதலை பெற்ற பிறகும் நிலைமை மாறவில்லை. அங்கே எழுந்த அகண்ட ஃபின்லாந்துக் கனவுகள் நார்வே அதிகாரிகளின் ஐயத்தை வளர்த்தன. இதை அவர்கள் 'ஃபின்னிய ஆபத்து' என்றே பெயரிட்டு அழைத்தார்கள். மீன் பிடித்து, மாடு வளர்த்து வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டம் நாட்டின் பாதுகாப்புக் கோப்புகளில் இடம்பெற்றுவிட்டது. சாமி மக்களை அரசு பின்தங்கியவர்களாகக் கருதியது என்றால், குவென் மக்களை நம்பத்தகாதவர்களாகக் கருதியது. பின்னால் உரிமைகள் வழங்கப்பட்ட வரிசையிலும் இந்த வேறுபாடு எதிரொலித்தது என்று நான் நினைக்கிறேன்.

1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஃபின்மார்க்கை எரித்துவிட்டுப் போனது. பல்லாயிரம் பேர் தெற்கே வெளியேற்றப்பட்டனர். திரும்பி வந்தவர்கள் ஒரே மாதிரியான புதிய வீடுகளில் குடியேறினார்கள்; பழைய குவென் ஊர்களின் தோற்றமே மாறிவிட்டது. புகேய்னெஸ் போன்ற மிகச் சில ஊர்களே தீக்குத் தப்பின. அந்த ஊரின் குவென் பெயர் பிகேயா.

இவ்வளவுக்கும் பிறகு, பெற்றோரே முடிவெடுத்தார்கள். தாங்கள் பள்ளியில் பட்ட அவமானம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று, தமக்குள் குவென் மொழியில் பேசிக்கொண்டே பிள்ளைகளிடம் நார்வேஜியத்தில் பேசினார்கள். இதை அவர்களின் விருப்பத் தேர்வு என்று சொல்வது, கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வராதது உன் விருப்பம் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

கேள்வி: இவ்வளவு அடக்குமுறைக்கிடையில் மொழி முற்றாக அழியாமல் எஞ்சியது எப்படி?

தொழுகைக் கூடங்களால் என்பது பெருமளவு சரியான பதில். லார்ஸ் லேவி லெஸ்டாடியுஸ் என்ற சுவீடன் நாட்டுப் பாதிரியார் 1840-களில் தொடங்கிய சமய எழுச்சி இயக்கம், வடக்கே சாமி மக்களையும் குவென் மக்களையும் ஆழமாகப் பற்றிக்கொண்டது. அவ்வியக்கத்தின் கூட்டங்களில் ஃபின்னிய மொழியே புனித மொழிக்குரிய மதிப்போடு விளங்கியது. ஃபின்னிய விவிலியம் வாசிக்கப்பட்டது. சாமானியரே எழுந்து தம் மொழியில் போதித்தார்கள். பள்ளியில் தடுக்கப்பட்ட மொழி, ஞாயிற்றுக்கிழமை இறைவனின் மொழியாக ஒலித்தது.

இதில் ஒரு முரணும் உண்டு. அங்கே கேட்டது விவிலியத்தின் எழுத்து ஃபின்னியம். வீட்டின் குவென் பேச்சு அன்று. மொழியைக் காத்த அதே கூடம், உயர்ந்த மொழி வேறு, நம் பேச்சு வேறு என்ற எண்ணத்தையும் விதைத்தது. முதியவர்கள் பலர் தம் மொழியைக் 'குவென்' என்று சொல்லாமல் 'சுவோமி', அதாவது ஃபின்னியம், என்றே சொல்லி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கேள்வி: 2005-இல் குவென் மொழி அங்கீகரிக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அங்கீகாரம் என்றால் நடைமுறையில் என்ன? அதனால் ஒருவருக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் என்று எழுதியிருக்கிறார். ஆணைக்கும் செயலுக்கும் உள்ள தொலைவை அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் நிகழ்ந்த வரிசையைச் சொல்கிறேன். ஐரோப்பிய மன்றம் உருவாக்கிய வட்டார, சிறுபான்மை மொழிகள் சாசனத்தை 1993-இல் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு நார்வேதான். 1998-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் குவென் மக்கள், யூதர், வன ஃபின்னியர், ரோமா, ரொமானி ஆகிய ஐந்து பிரிவினரை நார்வே தேசியச் சிறுபான்மையினர் என்று ஏற்றது. மக்கள் ஏற்கப்பட்டுவிட்டனர், ஆனால் அவர்கள் பேசுவது ஃபின்னியமா, குவெனா என்பது தீர்க்கப்படவில்லை. அரசு கேட்டுக்கொண்டபடி, சுவீடனைச் சேர்ந்த மொழியியலாளர் கென்னத் ஹில்டன்ஸ்டாம், தொம்மாசோ மிலானியுடன் இணைந்து 2003-இல் ஓர் அறிக்கை தந்தார். மொழியமைப்பை மட்டும் பாராமல், வரலாறு, பேசுவோரின் மனநிலை, மொழி மீட்புக்கான வாய்ப்பு ஆகியவற்றையும் எடைபோட்டுக் குவெனைத் தனி மொழியாகக் கொள்ளலாம் என்றது அவ்வறிக்கை. அதன் அடிப்படையில் 2005 ஏப்ரல் 26 அன்று அரசு அறிவிப்பு வந்தது.

இனி, கிடைத்தது என்ன என்பதைப் பார்ப்போம். சாசனத்தில் இரண்டு தளங்கள் உண்டு. அதன் இரண்டாம் பகுதி பொதுவான கொள்கைகளைக் கூறுகிறது: மொழியை மதித்தல், ஊக்குவித்தல், கற்பிக்க வழிசெய்தல் என்பன போன்றவை. மூன்றாம் பகுதி அப்படியன்று. கல்வி, நீதிமன்றம், நிர்வாகம், ஊடகம், பண்பாடு போன்ற துறைகளில் வரிசையாக எழுதப்பட்ட கடமைகளிலிருந்து குறைந்தது 35-ஐத் தேர்ந்தெடுத்து, அவற்றை நிறைவேற்றுவதாக நாடு உறுதியளிக்க வேண்டும். நிறைவேற்றியதா என்று வல்லுநர் குழு அவ்வப்போது கேட்கும். சாமி மொழி மூன்றாம் பகுதியில் சேர்க்கப்பட்டது. குவென் மொழி 2005-இல் இரண்டாம் பகுதியின் பாதுகாப்போடு நின்றது. வாழ்த்துக் கடிதத்துக்கும் ஒப்பந்தப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இது. மூன்றாம் பகுதிக்கு உயர்த்த வேண்டும் என்பதே அன்று முதல் குவென் அமைப்புகளின் முதன்மையான கோரிக்கை. பேசுவோர் குறைவு, ஆசிரியர் இல்லை, ஆகவே கடமைகளை ஏற்பது கடினம் என்ற வாதம் அரசின் பக்கத்திலிருந்து வந்தது. பேசுவோர் குறைந்ததற்கும் ஆசிரியர் உருவாகாததற்கும் காரணமானவரே அவற்றைக் காட்டிக் காலம் கடத்துவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஆனால் 2005 வெறும் காகிதம் என்று சொல்லிவிடுவதும் சரியன்று. பேர்செல்வில் குவென் நிறுவனம் அமைந்தது. டிரோம்ஸோ பல்கலைக்கழகத்தில் குவென் மொழி பாடமாயிற்று. எழுத்து நெறியை வகுக்க மொழிக் குழு ஒன்று செயல்படத் தொடங்கியது. ஐரா சோதர்ஹோல்ம் குவென் மொழியிலேயே எழுதிய இலக்கணம் 2014-இல் வெளிவந்தது. ஒரு மொழியின் இலக்கணத்தை அந்த மொழியிலேயே எழுத முடிந்தது என்பதன் எடையைத் தமிழ் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. வழக்கு என்றே இருந்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிதி ஒதுக்கீட்டில் ஒரு தலைப்புகூட இருந்திருக்காது. பிறகு, 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த நார்வேயின் மொழிச் சட்டம், குவென் மொழியைத் தேசியச் சிறுபான்மை மொழி என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மொழி, பண்பாட்டு வெளிப்பாடு என்ற நிலையில் அது நார்வேஜியத்துக்கு இணையான மதிப்புடையது என்கிறது. மதிப்பில் இணை என்றுதான் சட்டம் சொல்கிறது. பயன்பாட்டில் இணை என்று சொல்லவில்லை.

கேள்வி: சாமி மக்களுக்கு நாடாளுமன்றமே இருக்கிறது. குவென் மக்களுக்கு ஏன் இல்லை?

சாமி மக்கள் தொல்குடிகள் என்ற சட்டத் தகுதி பெற்றவர்கள். அவர்களுக்கு அரசமைப்பில் தனிப்பிரிவு உண்டு. 1989 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட சாமி மன்றம் இயங்குகிறது. 1997-இல் அம்மன்றத்தைத் திறந்து வைத்த மன்னர் ஹரால்டு, சாமி மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு வருத்தம் தெரிவித்தார். நார்வே அரசு நார்வேஜியர், சாமி என்னும் இரு மக்களின் நிலத்தில் எழுந்தது என்ற கருத்து அக்காலத்தில் பெரிதும் வரவேற்கப்பட்டது. இரண்டு என்று எண்ணி முடித்த இடத்தில் மூன்றாமவர் நின்றுகொண்டிருந்தார் என்பதுதான் குவென் மக்களின் மனக்குறை. எனினும், சாமி மக்களின் நீண்ட போராட்டம் திறந்த வழியில்தான் குவென் இயக்கமும் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. ஒருவரின் உரிமையை மற்றவர் பறித்ததாக இதைப் பார்ப்பவர்கள் வடக்கே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கேள்வி: 'குவென்' என்ற பெயரை அம்மக்களே விரும்புகிறார்களா?

எல்லோரும் அல்லர். நெடுங்காலம் அது நார்வேஜியர் வாயில் ஏளனச் சொல்லாக இருந்தது. 1987-இல் தொடங்கப்பட்ட நார்வே குவென் சங்கம் அந்தச் சொல்லையே நிமிர்த்திப் பெருமைப் பெயராக ஏற்றுக்கொண்டது. வேறு சிலர் தம்மை நார்வே ஃபின்னியர் என்றே அழைக்க விரும்புகிறார்கள். அவர்களில் பலர், குறிப்பாகக் கிழக்கு ஃபின்மார்க்கில், எழுத்து ஃபின்னியமே பிள்ளைகளுக்குப் பயன்தரும் என்று கருதுவோர். அரசு ஆவணங்கள் இரு பெயர்களையும் சேர்த்தே எழுதுகின்றன. மொழிக்கும் 'க்வானி', 'கைனு' என இரு பெயர்கள் வழங்குகின்றன.

கேள்வி: இன்று எத்தனை பேர் இம்மொழியைப் பேசுகிறார்கள்?

இனத்தையோ தாய்மொழியையோ நார்வே பதிவு செய்வதில்லை. எனவே கிடைப்பவை மதிப்பீடுகளே. குவென் வழிவந்தோர் 10,000 முதல் 15,000 வரை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பேசுவோர் 2,000 முதல் 8,000 வரை என்று 2000-களில் மதிப்பிட்டார்கள். இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம், சரளமாகப் பேசுபவரை மட்டும் எண்ணுவதா, கேட்டுப் புரிந்துகொள்பவரையும் எண்ணுவதா என்பதே. எண்ணிக்கையைவிட வயதுதான் கவலைக்குரியது: இயல்பாகப் பேசுவோரில் பெரும்பாலோர் முதியவர்கள்.

கேள்வி: அப்படியானால் பள்ளிகளில் கற்பிக்கலாமே?

கற்பிக்கிறார்கள். வடக்கே டிரோம்ஸ், ஃபின்மார்க் பகுதிகளில், ஒரு பள்ளியில் குவென்–ஃபின்னியப் பின்னணியுள்ள மூன்று மாணவர்களாவது கேட்டால், ஃபின்னியத்தையோ குவென் மொழியையோ இரண்டாம் மொழியாகக் கற்பிக்க வேண்டும் என்ற உரிமை 1990-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் எழுத்து ஃபின்னியத்தையே தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். அதற்குப் பாடநூல், ஆசிரியர், தேர்வு எல்லாம் ஆயத்தமாக உள்ளன. குவென் மொழிக்கு ஒவ்வொன்றையும் புதிதாக உருவாக்க வேண்டும். மூன்று பேர் என்ற விதியும் சிற்றூர்களில் எளிதானதன்று. மொத்தம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒரு குடும்பம் ஊர் மாறினாலே வகுப்பு நின்றுவிடும். அதோடு வாரத்துக்குச் சில மணி நேரப் பாடம் ஒருவரை மொழியை அறிந்தவராக்கலாம். அதைப் பேசி வாழ்பவராக ஆக்காது.

ஆகவே மொழிக்கூடு என்னும் முறையில் என் நம்பிக்கை அதிகம். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982-இல் தொடங்கிய முறை அது. பள்ளிக்குச் செல்லும் வயதுக்கு முன்னரே குழந்தைகளை மொழி தெரிந்த பெரியவர்களிடம் விட்டு, நாள் முழுவதும் அந்த மொழியிலேயே உணவும் விளையாட்டும் தூக்கமும் நடக்கச் செய்வார்கள். பொர்சாங்கர் பகுதியில் குவென் மொழிக்கு இதை முயன்றிருக்கிறார்கள். பெற்றோர் தலைமுறையைத் தாண்டி, பாட்டன் பாட்டியிடமிருந்து நேரே பேரப்பிள்ளைக்கு மொழியைக் கைமாற்றும் ஏற்பாடு இது. ஆனால் அந்தப் பாட்டிகள் இருக்கும்வரையே சாத்தியமாகும் ஏற்பாடு. நார்வேயிலேயே வன ஃபின்னியர் என்ற மற்றொரு பிரிவினரின் ஃபின்னியப் பேச்சு 20-ஆம் நூற்றாண்டில் முற்றிலும் ஓய்ந்துவிட்டது. அவர்களுக்குத் தேசியச் சிறுபான்மையினர் என்ற தகுதி வந்தபோது, அந்தத் தகுதியால் காப்பாற்றப்படுவதற்கு மொழி இருக்கவில்லை.

கேள்வி: குவென் மொழியில் இலக்கியம் உண்டா?

உண்டு, ஆனால் நூலகத்தில் ஒரு சிறு அலமாரி அளவுக்குத்தான். பேர்செல்வில் 1928-இல் பிறந்த ஆல்ஃப் நில்சென்-பேர்ஸ்கோக் எழுதி 2004-இல் வெளிவந்த 'குவோசுவாரன் தகனா' என்பதே குவென் மொழியின் முதல் நாவல். அரசு மொழி என்று ஏற்பதற்கு ஓராண்டு முன்பே, எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவர் அதில் நாவல் எழுதி வெளியிட்டுவிட்டார். அதன் தலைப்பிலேயே ஒரு மலை இருக்கிறது; 'தகனா' என்றால் 'பின்னால்' என்று பொருள். அவர் 2014-இல் காலமானார். 1995 முதல் வெளிவரும் 'ருய்யன் கைக்கு' என்ற இதழ் நார்வேஜியம், ஃபின்னியம், குவென் ஆகிய மொழிகளில் செய்தி தருகிறது. 'ருய்யா' என்பது வடகடற்கரைக்கு ஃபின்னிய மொழி பேசுவோர் இட்ட பெயர், 'கைக்கு' எதிரொலி. அண்மை ஆண்டுகளில் குவென் நாடகக் குழுவும் உருவாகியிருக்கிறது.

கேள்வி: நார்வே அரசு மன்னிப்புக் கேட்டதாகச் செய்தி படித்தேன். அது குவென் மக்களுக்கும் சேர்த்தா?

ஆம். சாமி, குவென் அல்லது நார்வே ஃபின்னியர், வன ஃபின்னியர் ஆகியோர் மீதான நார்வேஜியமாக்கல் கொள்கையை ஆராய நாடாளுமன்றம் 2018-இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தை அமைத்தது. டாக்ஃபின் ஹோய்பிரோதென் தலைமையிலான அந்த ஆணையம் 2023 ஜூன் 1 அன்று அறிக்கை அளித்தது. 2024 நவம்பர் 12 அன்று நாடாளுமன்றம் மன்னிப்புக் கோரியது. 1997-இல் எண்ணப்படாத மூன்றாமவர் இம்முறை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டார். மொழியைத் தடை செய்ய அரசு ஒதுக்கிய நிதி 1851-இல் தொடங்கிப் பல தலைமுறைக்கு நீடித்தது. மீட்க ஒதுக்கும் நிதி அத்தனை ஆண்டு நீடிக்குமா என்பதையே நான் கவனித்து வருகிறேன்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. குவென் மொழியைச் சிறிதளவாவது கற்க விரும்புகிறேன். வெளியில் இருப்பவருக்கு வழி உண்டா?

உண்டு. டிரோம்ஸோவில் உள்ள நார்வேயின் ஆர்க்டிக் பல்கலைக்கழகம் குவென்–நார்வேஜிய மின்னகராதியையும், எழுத்துப் பிழை திருத்தியையும், விசைப்பலகையையும் இணையத்தில் தந்திருக்கிறது. சாமி மொழிகளுக்காக உருவாக்கிய கருவிகளின் அடித்தளத்திலேயே இவையும் அமைந்தன. அகராதி நார்வேஜிய வழியில் இருப்பதால் அம்மொழியும் ஓரளவு தெரிய வேண்டும். ஃபின்னியத்தில் தொடங்குவதும் ஒரு வழி. பாடங்கள் எளிதில் கிடைக்கும், பிறகு குவெனுக்குத் திரும்பலாம். அப்படித் திரும்பும்போது எழுத்து ஃபின்னியத்தின் டகரத்தை மறந்துவிட்டு, 'அது'வின் தகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாக்கு அதற்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது.